ஏட்டுச்சுவடியும் எழுத்துக்கோப்பும்



சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், கல்லூரியில் வரலாறு பயிலும் இளைஞர் ஒருவர் கோட்டாற்றில் உள்ள என் இல்லத்திற்கு வந்தார். நாஞ்சில் நாட்டு உழவர்கள் வழங்கும் சொற்களைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அச்சொற்களை நான் நெடுங்காலமாகத் தொகுத்து வைத்திருப்பதாக யாரோ அவரிடம் கூறியிருந்தனர். கூறியது பொய்யன்று. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் அமர்ந்த நாள் தொட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு தேரூர், சுசீந்திரம், தாழக்குடி, பூதப்பாண்டி என்று ஊர் ஊராகச் சென்று, வயலிலே முதிர்ந்த பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி வந்தேன். கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரண்டு போகங்களில் எதற்கு எந்த நெல், வாய்க்காலின் ஒவ்வொரு பிரிவிற்கும் என்ன பெயர், களத்திலே நெல்லை அளக்கத் தொடங்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்னாது 'லாபம்' என்று எண்ணும் வழக்கம் எவ்வெவ்வூரில் உண்டு என்பன போன்ற செய்திகள் அக்குறிப்புகளில் நிரம்பக் கிடந்தன.

2002-ஆம் ஆண்டில் ஒரு கணிப்பொறி வாங்கினேன். ஏழு ஆண்டுகள் இரவு நேரங்களில் உட்கார்ந்து, குறிப்பேடுகள் அனைத்தையும் தட்டச்சிட்டு முடித்தேன். முடித்த மகிழ்ச்சியில் ஒரு தவறு செய்தேன். குறிப்பேடுகளைப் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். பரண்மேல் ஒளிந்துகொண்டிருந்த மூன்று ஏடுகள் மட்டும் தப்பின.

இளைஞர் தம் மடிக்கணினியைத் திறந்தார். நான் பேணி வைத்திருந்த பென் டிரைவை அதில் பொருத்தினார். திரையில் தோன்றியது தமிழன்று, ஆங்கிலமும் அன்று. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் பொருளின்றி ஒன்றோடொன்று முட்டி மோதி நின்றன. "ஐயா, இது எந்த மொழி?" என்று அவர் மிக்க மரியாதையோடு வினவினார். எனக்குச் சொன்ன பெரியவர்களுள் ஒருவர்கூட அன்று உயிரோடு இல்லை என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது.

இன்று உங்களோடு பேசக் கருதியது இதைப் பற்றித்தான். நீங்கள் எழுதும் குறிப்பு எந்த வடிவில் இருந்தால் நெடுநாள் நிற்கும்? பல கருவிகளில் வைத்திருக்கும் படிகள் தம்முள் ஒத்திருக்குமாறு செய்வது எவ்வாறு?

முதலில், என் தமிழ் எங்கே போயிற்று என்பதைப் பார்ப்போம்.

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஆகவே ஒவ்வோர் எழுத்திற்கும் ஓர் எண் என்று வரிசை வகுத்துக்கொள்ள வேண்டும். 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'ஆஸ்கி' என்னும் வரிசையை வகுத்தனர். அதில் இருந்தவை 128 இடங்களே. ஆங்கில எழுத்தும் எண்ணும் நிறுத்தக்குறியும் அவற்றில் அமர்ந்துகொண்டன, தமிழுக்கு இடமில்லை. நம்மவர் ஒரு சூழ்ச்சி செய்தனர். எண்ணை மாற்றாமல், எழுத்தின் வடிவை மட்டும் மாற்றினர். ஆங்கில 'ஜே' இருக்கும் இடத்தில் 'த'வின் படத்தையும், 'கே' இருக்கும் இடத்தில் 'ம'வின் படத்தையும் வரைந்து ஓர் எழுத்துரு செய்தனர். அவ்வகை எழுத்துரு ஒன்றில் 'தமிழ்' என்னும் சொல்லை எழுதினால், கோப்பினுள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எண்ணாகச் சொன்னால் 106, 107, 112, 111, 59. அந்த எழுத்துரு கணிப்பொறியில் இருக்கும் வரை கண்ணுக்குத் தமிழ். எழுத்துரு போய்விட்டால் மீண்டும் ஜே, கே, பி, ஓ! நான் ஏழு ஆண்டுகள் எழுதியது தமிழன்று, தமிழின் வேடம் பூண்ட ஆங்கில எண்கள் என்பதை இருபது ஆண்டு கழித்து அறிந்தேன்.

இவ்வகை எழுத்துருக்கள் ஒன்றல்ல, இரண்டல்ல. ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வொரு பத்திரிகையும் தத்தமக்கென ஒரு வரிசை வைத்திருந்த காலம் அது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999-ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இணைய மாநாடு ஒன்று கூடிற்று. விசைப்பலகைக்கும் எழுத்து வரிசைக்கும் பொது நெறிகள் வகுக்கப்பட்டன. உலகெங்கும் பரவிய தமிழன்பர்கள் 'டிஸ்கி' என்னும் வேறொரு வரிசையைத் தங்களுக்குள் வகுத்துக்கொண்டனர். இதற்கிடையே, உலக மொழிகள் அனைத்திற்கும் ஒரே பட்டியலில் இடமளிக்கும் 'யூனிகோடு' 1991-லேயே வெளிவந்திருந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அதன்படி 'தமிழ்' என்பது 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் ஐந்து எண்கள். இவ்வெண்கள் வேறெந்த மொழிக்கும் உரியன அல்ல. எழுத்துரு எதுவாயினும், சென்னையிலாயினும் சிங்கப்பூரிலாயினும், 2980 என்றால் 'த'தான். தமிழ்நாட்டு அரசும் 2010-ஆம் ஆண்டில் யூனிகோட்டை ஏற்றுக்கொண்டது.

அந்த எண்களைக் கோப்பில் எவ்வாறு அடுக்குவது என்பதற்கும் ஒரு முறை வேண்டும். இன்று பெருவழக்காக உள்ள முறை 'யு.டி.எஃப்-8' என்பது. கென் தாம்சன், ராப் பைக் என்னும் இரு அறிஞர்கள் 1992-ஆம் ஆண்டு ஓரிரவு, நியூ ஜெர்சியில் ஓர் உணவு விடுதியில் அமர்ந்து, மேசைமீது விரித்திருந்த தாளிலேயே அதனைக் கணக்கிட்டு வகுத்தனராம். குறிப்பேடு கையில் இல்லையென்றால் கிடைத்த தாளில் எழுதிக்கொள்வது நல்ல பழக்கம் என்பதற்கு இதைக் காட்டிலும் சான்று வேண்டா. அம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று 'பைட்' இடம் செல்லும். ஈராயிரம் குறிகள் உள்ள ஒரு பக்கத்திற்கு ஆறாயிரம் பைட். ஒரு ஜிகாபைட் இடத்தில் ஒன்றரை இலட்சம் பக்கங்களுக்கு மேல் அடங்கும். உங்கள் வாழ்நாள் முழுதும் நீங்கள் எழுதக்கூடிய குறிப்பு அனைத்தும் விரல் நகத்தளவு அட்டை ஒன்றில் ஒரு மூலையைக்கூட நிரப்பாது.

எழுத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத கோப்பை ஆங்கிலத்தில் 'டெக்ஸ்ட் ஃபைல்' என்பர். நாம் எழுத்துக்கோப்பு எனலாம். தடித்த எழுத்து, வண்ணம், படம், பக்க அளவு முதலிய அணிகலன்கள் அதற்கில்லை. ஏழைக் கோலந்தான். ஆனால் அந்த ஏழைமையே அதன் பலம். எந்த நிறுவனம் செய்த எந்தக் கருவியும் அதைத் திறக்கும். அணிகலன் பூட்டிய கோப்புகளோ அவ்வாறல்ல. பூட்டியவரிடமே திறவுகோல் இருக்கும். என் கோப்புகளுக்கு நேர்ந்ததே இதற்கு எடுத்துக்காட்டு. பதினான்கு கோப்புகளில் பதின்மூன்று எழுத்துக்கோப்புகளாக இருந்தன. பழைய எழுத்துருவை யூனிகோட்டாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. அவ்விளைஞர் ஒவ்வொன்றாக முயன்று, ஐந்தாம் முறையில் என் எழுத்துருவின் வரிசையைக் கண்டுபிடித்தார். பதின்மூன்று கோப்புகளும் இரண்டு மணி நேரத்தில் தமிழாயின. எண்கள் சிதையாமல் இருந்தமையால் இது இயன்றது. பதினான்காவது கோப்பு அளவைச் சொற்களைப் பற்றியது. அட்டவணைகள் அழகாக இருக்க வேண்டும் என்று அதனை மட்டும் வேறொரு மென்பொருளின் சொந்த வடிவில் அமைத்திருந்தேன். அம்மென்பொருள் இன்று வழக்கில் இல்லை. கோப்பு திறக்கவே இல்லை.

இத்தகைய இழப்பிற்கு அஞ்சித்தான் போலும், தமிழன்பர் சிலர் முன்பே விழித்துக்கொண்டனர். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரமும் வேறு நாடுகளில் வாழ்ந்த தமிழரும் சேர்ந்து 'மதுரைத் திட்டம்' என்னும் பணியைத் தொடங்கினர். தமிழிலக்கியங்களைத் தன்னார்வத்தோடு தட்டச்சிட்டு, யாவரும் விலையின்றிப் பெறுமாறு இணையத்தில் வைப்பது அதன் நோக்கம். அவர்களும் முதலில் பழைய எழுத்துருவில் எழுதி, பின் டிஸ்கிக்கு மாற்றி, அதன்பின் யூனிகோட்டிற்கு மாற்றினர். மாற்ற முடிந்ததற்குக் காரணம், அவர்கள் வைத்திருந்தது எழுத்து; எழுத்தின் படம் அன்று. இதனை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கரும்பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்துவிட்டு 'குறிப்பெடுத்துவிட்டேன்' என்று சொல்லும் பழக்கம் இன்று பெருகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த நூற்றுக்கணக்கான படங்களில் தேர்வுக்கு முன்னாள் இரவு வேண்டியதைத் தேடிப் பாருங்கள், தெரியும்.

மதுரைத் திட்டத்திற்கு நெடுநாள் முன்னரே, இதே கோட்டாற்றில் பள்ளி ஆசிரியராக இருந்த ஒருவர் இவ்வேலையை ஓலையிலிருந்து தாளுக்குச் செய்தார். தேரூரில் 1876-ஆம் ஆண்டு பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையையே சொல்கிறேன். அவரைக் கவிஞராகவே நீங்கள் அறிவீர்கள். ஆனால் அவர் கல்வெட்டும் ஓலையும் தேடியலைந்த ஆராய்ச்சியாளரும் ஆவார். அழகியபாண்டியபுரத்து முதலியார் குடும்பத்தாரிடம் இருந்த பழைய ஓலை ஆவணங்களைக் கண்டு படியெடுத்தவர் அவர். பின்னாளில் அ. கா. பெருமாள் அவ்வோலைகளை ஆராய்ந்து நூலாக்கினார். நிலவிற்பனையும் வரியும் அரசாணையும் பற்றிய அவ்வோலைகளால் நாஞ்சில் நாட்டின் வாழ்க்கை இன்று நமக்குத் தெரிகிறது. எழுத்தாணியால் கீறிய அவ்வோலையைத் திறக்க ஒரு திறவுகோலும் வேண்டா. அந்த எழுத்தை அறிந்தவர் யாரும் படிக்கலாம். ஓலை செல்லரிக்குமுன் ஒருவர் படியெடுத்துவிட்டால் போதும்.

படி என்றவுடன் ஒத்திசைவைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது.

இன்று உங்களுக்குக் கைப்பேசி ஒன்று, வீட்டிலோ விடுதியிலோ கணிப்பொறி ஒன்று. பேருந்தில் வரும்போது கைப்பேசியில் எழுதியது, வீட்டிற்கு வந்ததும் கணிப்பொறியிலும் இருக்க வேண்டும் என்பது நியாயமான விருப்பமே. இதனைச் செய்வது ஒத்திசைவு மென்பொருள். அது இரு கருவிகளிலும் உள்ள கோப்புகளின் பட்டியலை ஒப்பிடும். எந்தக் கோப்பு எப்போது மாறிற்று என்று பார்க்கும். கோப்பு முழுவதையும் ஒரு கணக்கிற்கு உட்படுத்தி, கைரேகை போன்ற ஒரு சிறு எண்ணைப் பெறும். இரு பக்கமும் கைரேகை ஒன்றானால் கோப்பும் ஒன்று. வேறானால் புதியதை அனுப்ப வேண்டும். கோப்பு முழுவதையும் அனுப்பாமல், மாறிய துண்டை மட்டும் அனுப்பும் நுட்பத்தை ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் என்னும் இருவர் வகுத்து, 'ஆர்சிங்க்' என்ற பெயரில் 1996-ல் வெளியிட்டனர். இன்று சில மென்பொருள்கள் ஒரு நிறுவனத்தின் கணிப்பொறி வழியாகக் கோப்பை அனுப்புகின்றன. 'சிங்க்திங்' போன்ற வேறு சில, இடையில் யாரிடமும் கோப்பை ஒப்படைக்காமல், உங்கள் கைப்பேசிக்கும் உங்கள் கணிப்பொறிக்கும் இடையே நேராகவே கொண்டு செல்கின்றன.

இதில் ஓர் இடர் உண்டு. அதை நான் பட்டறிந்தேன். மீட்ட குறிப்புகளைக் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் வைத்துக்கொண்ட புதிதில், தேரூர்ப் பக்கம் சென்றபோது 'கும்பப்பூ' என்னும் கோப்பில் இரண்டு சொற்களைக் கைப்பேசியில் சேர்த்தேன். அங்கே இணையத் தொடர்பு கிட்டவில்லை. வீட்டிற்கு வந்து, கணிப்பொறியில் அதே கோப்பைத் திறந்து வேறொரு பகுதியைத் திருத்தினேன். இரவில் தொடர்பு ஏற்பட்டதும் மென்பொருள் திகைத்தது. கைப்பேசியில் உள்ளது புதிதா, கணிப்பொறியில் உள்ளது புதிதா? இரண்டும் புதியவையே! நல்ல மென்பொருளாதலால் அது ஒன்றையும் அழிக்கவில்லை; ஒன்றின் பெயரோடு 'முரண்' என்னும் பொருள்படும் ஒரு சொல்லையும் நாளையும் ஒட்டி, இரண்டையும் வைத்துவிட்டது.

இது புதிய சிக்கலன்று. உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887-லும், சிலப்பதிகாரத்தை 1892-லும், புறநானூற்றை 1894-லும் பதிப்பித்தபோது அவர்முன் நின்ற சிக்கலும் இதுவே. ஒரே நூலுக்குப் பல ஊர்களில் பல ஏடுகள். ஒவ்வோர் ஏட்டையும் ஒவ்வொருவர் வெவ்வேறு காலத்தில் படியெடுத்தார். ஓரிடத்தில் ஓர் ஏடு ஒரு சொல்லைக் காட்டும். மற்றோர் ஏடு மற்றொரு சொல்லைக் காட்டும். ஐயர் பல படிகளை ஒப்பிட்டு, பொருந்திய பாடத்தை நூலில் வைத்து, வேறு பாடங்களையும் குறித்துக் காட்டினார். பாடபேதம் என்று நாம் சொல்வதைத்தான் இன்று கணிப்பொறி அன்றாடம் நம் வாசலில் கொண்டுவந்து போடுகிறது. எது சரியான பாடம் என்று தீர்மானிக்க அதற்குத் தெரியாது. அது உங்கள் வேலை. முரண்படி ஒன்று தோன்றினால் அன்றைக்கே அதைப் பார்த்துத் தீர்த்துவிடுங்கள். ஒரு வாரம் விட்டால், நீங்களே எழுதிய இரண்டு பாடங்களில் எது உம்முடையது என்று உமக்கே விளங்காது.

பாடபேதத்தைத் தீர்ப்பதிலும் எழுத்துக்கோப்பு கைகொடுக்கும். இரு கோப்புகளை வரி வரியாக ஒப்பிட்டு, வேறுபட்ட வரிகளை மட்டும் எடுத்துக்காட்டும் மென்பொருள்கள் பல உள்ளன. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் செய்த 'கிட்' என்பது, நீங்கள் பதியச் சொன்ன ஒவ்வொரு நிலையையும் வரலாறுபோல் காத்து வைத்து, சென்ற மாதம் அவ்வரி எவ்வாறிருந்தது என்றும் கூறும். கணிப்பொறித் துறை மாணவர்கள் இதனை நன்கறிவர். பிறரும் கற்றுக்கொள்ளலாம், கடினமன்று.

தமிழில் எழுதுவோருக்கென்றே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றுவது எண்ணில் வேறாக இருக்கலாம். 'ஔவை' என்பதை 'ஔ' என்னும் ஓரெழுத்தால் தொடங்கலாம். 'ஒ' எழுதி, பக்கத்தில் 'ள' எழுதியும் தொடங்கலாம். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணிப்பொறிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். 'கோட்டாறு' என்பதன் முதலெழுத்திலும் ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், இரண்டு துண்டுகளாகவும் எழுதலாம். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகக்கூடும். என் கோப்புகளில் 'கோட்டை' என்னும் நெல்லளவையைத் தேடியபோது பாதி இடங்கள் கிட்டவில்லை, காரணம் இதுவே. ஆகையால் எழுதும்போதே எழுத்தைச் சரியாக எழுதுங்கள். 'கா' எழுதும்போது துணைக்காலுக்குப் பதிலாக 'ர' என்னும் எழுத்தை இட்டுவைப்போர் இன்னும் இருக்கின்றனர். கணிப்பொறி அவர்களை மன்னிப்பதில்லை.

கோப்பிற்குப் பெயரிடுவதைப் பற்றியும் ஒரு சொல். நாளை முதலில் எழுதுவதானால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். கோப்புகள் தாமே கால வரிசையில் நிற்கும். ஒரு கோப்பில் ஒரு பொருளே இருக்கட்டும். யார் சொன்னது, எந்த நூலில் எந்தப் பக்கம் என்பதைக் கீழே எழுதுங்கள். செருமானியச் சமூகவியல் அறிஞர் நிக்லாஸ் லூமான் வாழ்நாளில் ஏறத்தாழ 90,000 சிறு தாள்களில் குறிப்பெழுதி, ஒவ்வொன்றிற்கும் ஓர் எண்ணிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைச் சுட்டி வைத்திருந்தார். அவரிடம் கணிப்பொறி இல்லை, மரப்பெட்டிகள் இருந்தன. பெயரும் சுட்டும் ஒழுங்காக இருந்தமையால் அந்தப் பெட்டிகளிலிருந்து பல நூல்கள் பிறந்தன.

இனி, பலரும் அறியாத ஒன்று. ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு. என் பேரன் ஒரு நாள் கைப்பேசியில் விளையாட்டிற்கு இடம் போதவில்லை என்று ஒரு கோப்புறையை அழித்துவிட்டான். 'கணிப்பொறியில்தான் இருக்கிறதே' என்று எனக்கு ஆறுதலும் கூறினான். சென்று பார்த்தால், அங்கும் இல்லை! இங்கே அழித்ததை அங்கேயும் உடனே அழிப்பதுதான் ஒத்திசைவு. அது தன் கடமையை வழுவாமல் செய்தது. பென் டிரைவில் முந்தைய ஞாயிற்றுக்கிழமை எடுத்த படி இருந்ததால் பிழைத்தேன். மூன்று படிகள் இருக்கட்டும், இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கட்டும், ஒன்றாவது வேற்றிடத்தில் இருக்கட்டும் என்று துறையறிந்தோர் கூறுவர். என் மூன்றாம் படி நாகர்கோவிலில் என் தங்கை வீட்டு அலமாரியில் இருக்கிறது.

நிறுவனங்கள் நடத்தும் குறிப்பேட்டுப் பணிகளை நான் குறை கூறவில்லை. சௌகரியமானவைதாம். ஆனால் அவை அந்நிறுவனங்களுக்கு உரியவை. 'கூகுள் நோட்புக்' என்னும் பணி 2006-ல் தோன்றி 2012-ல் மூடப்பட்டது. எதனைப் பயன்படுத்தினாலும், எழுதியவற்றையெல்லாம் எழுத்துக்கோப்பாக வெளியே எடுத்துக்கொள்ள அதில் வழி உண்டா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவ்விளைஞர் இப்போது சனிக்கிழமைதோறும் வருகிறார். பரணில் தப்பிய மூன்று குறிப்பேடுகளுள் ஒன்றில் அளவைச் சொற்களின் முதல் வரைவு இருப்பதைச் சென்ற மாதந்தான் கண்டோம். கரையான் தின்றது போக, பாதிக்கு மேல் தேறுகிறது. நான் படிக்கப் படிக்க அவர் தட்டச்சிடுகிறார், யூனிகோட்டில், எழுத்துக்கோப்பாக. சிதைந்த ஒரு வரியில் அளவைப் பெயர் ஒன்றின் கடைசி எழுத்து மட்டும் எஞ்சியிருக்கிறது. அதற்கு நேரே ஒரு வினாக்குறி இட்டு, நாளும் எழுதி வைத்திருக்கிறோம். பூதப்பாண்டியில் தொண்ணூறு வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். வரும் ஞாயிறன்று இருவரும் அங்கே போவதாக எண்ணம்.